தாம்பரத்திலிருந்து சங்கரன்கோவிலுக்கு 14 பேர்: ஒரே வேனா, ரெண்டு இன்னோவாவா?

தாம்பரம்வாசி:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சி குழந்தைக்கு மொட்டை போட்டுக் காது குத்தணும். குலதெய்வம் சாஸ்தா, கோவில் சங்கரன்கோவிலிலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமத்தில் இருக்கிறது. பங்குனி உத்திரத்தன்று அங்கே நிற்கக்கூட இடம் இருக்காது என்பதால் அதற்கு அடுத்து வரும் சனிக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் முடிவு செய்துவிட்டார்கள். தாய்மாமன் நான்தான், அதனால் மடியும் என்னுடையது, வேன் செலவும் என்னுடையது.

மொத்தம் 14 பேர். கைக்குழந்தையைத் தவிர்த்தால் 13 சீட் வேண்டும். அதில் நாலு பேர் அறுபத்தைந்தைத் தாண்டியவர்கள், என் மாமியாருக்கு மூட்டு வலி, படி ஏறவே யோசிப்பார். வியாழன் ராத்திரி 10 மணிக்குக் கிளம்பி வெள்ளி காலையில் போய்ச் சேர்வது, அன்றைக்குச் சங்கரநாராயணர் கோவில், சனிக்கிழமை விசேஷம், ஞாயிறு காலையில் கிளம்பி ராத்திரிக்குள் வீடு. இதுதான் திட்டம்.

ரெண்டு இடத்தில் விசாரித்தேன். சேலையூரில் ஒருவர் 17 சீட் ஏசி டிராவலருக்குக் கிலோமீட்டர் 26 ரூபாய், ஒரு நாளைக்குக் குறைந்தது 300 கிலோமீட்டர், டிரைவர் பேட்டா 800 என்கிறார். பூந்தமல்லியில் இன்னொருவர் அதே வண்டிக்கு 23 ரூபாய், ஆனால் குறைந்தது 350 கிலோமீட்டர், பேட்டா அதே 800. பார்த்தால் 23 தானே லாபம்? தம்பி என்னவென்றால் ரெண்டு இன்னோவா எடுத்தால் சொகுசாகப் போகலாம் என்கிறான். மாமனாரோ, தெரிந்தவர் ஒருவரிடம் சொந்த வண்டி, வெள்ளை போர்டு வேன், சும்மா நிற்கிறது, டீசல் போட்டுக் கையில் ஏதாவது கொடுத்தால் போதும் என்கிறார். எனக்குத் தலை சுற்றுகிறது. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

அப்புறம், முடிந்தால் ஞாயிற்றுக்கிழமை குற்றாலத்தில் ஒரு குளியல் போட்டுவிட்டு வரலாமா?

நெல்லைச்சீமை:

முதலில் கடைசிக் கேள்விக்குப் பதில். பங்குனியில் குற்றாலம் போனால் பாறையைத்தான் பார்ப்பீர்கள் அண்ணே. சீசன் ஆனி, ஆடி, ஆவணி. கோடை மழை ஏதாவது பெய்தால் கொஞ்சம் விழும், அதை நம்பி 14 பேரைக் கூட்டிப் போகாதீர்கள். குளித்தே ஆகணும் என்றால் பாபநாசம் அகஸ்தியர் அருவியைப் பாருங்கள், அங்கே கோடையிலும் தண்ணீர் இருக்கும். ஆனால் ஞாயிறு ராத்திரிக்குள் தாம்பரம் சேரணும் என்றால் அதுவும் ஆகாது, அது உங்களுக்கு எதிர்த்திசை.

சரி, வேனுக்கு வருவோம். கிலோமீட்டர் ரேட்டை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அந்தக் "குறைந்தது 300" என்பதை எப்படிக் கணக்குப் போடுவார்கள் என்று கேட்டீர்களா? மொத்தப் பயணத்துக்கும் சேர்த்தா, ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனியாகவா? இதைக் கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்கவே கூடாது.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். தாம்பரத்திலிருந்து திருச்சி, மதுரை, ராஜபாளையம் வழியாக ஒரு வழி ஏறக்குறைய 580 கிலோமீட்டர் என்று வையுங்கள். போகவர 1160, உள்ளூரில் சுற்றுவது ஒரு 100, ஆக 1260. வியாழன் ராத்திரி 10 மணிக்கு வண்டியை எடுத்துவிட்டால் வியாழனும் ஒரு நாள். ராத்திரி 12 தாண்டினால் அடுத்த நாள் தொடங்கிவிடும், பெரும்பாலும் இப்படித்தான் எண்ணுகிறார்கள். அப்போது வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று நாலு நாள்.

மொத்தமாகப் பார்த்தால் நாலு நாளுக்குக் குறைந்தது 1200, நீங்கள் ஓடுவது 1260, அதற்குத்தான் காசு. நாள்வாரியாகப் பார்த்தால் வியாழன் நீங்கள் ஓடுவது 100 தான், ஆனால் 300 எழுதுவார்கள். வெள்ளி மீதி 480-ம் உள்ளூர் 30-ம் சேர்த்து 510. சனிக்கிழமை கோவிலுக்குப் போய்த் திரும்ப 70 ஓடும், அதற்கும் 300. ஞாயிறு 580. கூட்டினால் 1690. ஓடாத 430 கிலோமீட்டருக்கு 26 ரூபாய் வீதம் 11,180 ரூபாய் சும்மா போகும். ரெண்டு வண்டிக்காரர்கள் ஒரே "குறைந்தது 300" என்று சொன்னாலும், எண்ணும் முறையைப் பொறுத்து பில் வேறே வேறே.

கீதா_மேற்கு மாம்பலம்:

நெல்லைச்சீமை சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். மீட்டர் உங்கள் வாசலில் தொடங்காது, வண்டியின் ஷெட்டில் தொடங்கி ஷெட்டில்தான் முடியும். பூந்தமல்லி வண்டி தாம்பரம் வருவதற்கு 20, திரும்பிப் போக 20. அந்த 40 உங்கள் தலையில்தான். அதைச் சேர்த்தால் 1300. ஆனால் அவர்கள் கேட்பது குறைந்தது 350, நாலு நாளுக்கு 1400. 23 ரூபாய் வீதம் 32,200. சேலையூர்க்காரருக்கு 1260 கிலோமீட்டர், 26 வீதம் 32,760. வித்தியாசம் 560 ரூபாய். இந்தக் காசுக்காக யோசிக்காதீர்கள், எந்த வண்டி புதிது, எந்த டிரைவர் நிதானமானவர் என்று பாருங்கள். ரெண்டு பேரிடமும் "மொத்தப் பயணத்துக்கும் சேர்த்துக் கணக்கு" என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள், போனில் பேசியது எதுவும் நாளைக்கு நிற்காது. டோல், பார்க்கிங், ஜிஎஸ்டி எல்லாம் இதற்குள்ளா, தனியா என்பதையும் அதே மெசேஜில் கேட்டுவிடுங்கள்.

உங்கள் தம்பியின் இன்னோவா யோசனையில் தப்பில்லை, ஆனால் 13 பேரும் அவர்கள் பெட்டிகளும் ரெண்டு இன்னோவாவில் நெருக்கம்தான். கடைசி வரிசையில் ஆள் உட்கார்ந்தால் பின்னால் பெட்டி வைக்க இடம் இருக்காது. அந்தக் கடைசி வரிசையில் உங்கள் மாமியாரை உட்காரவைக்க முடியாது, மூட்டு வலிக்காரர்கள் அங்கே நுழைவதே பெரும்பாடு. ரெண்டு டிரைவர் பேட்டா, ரெண்டு டோல், எல்லாம் இரட்டிப்பு. தவிர நாங்கள் குடும்பமாகப் போனபோது பார்த்தது, ஒரு வண்டி டீ குடிக்க நின்றால் இன்னொரு வண்டி அடுத்த டோலைத் தாண்டியிருக்கும், பாதிப் பயணம் "எங்கே இருக்கீங்க" என்று போன் பேசுவதிலேயே போகும்.

மாமியாருக்கு ஒரு யோசனை. டிராவலர் படி உயரம். ஒரு சின்ன பிளாஸ்டிக் ஸ்டூல் எடுத்து வண்டியிலேயே போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு தடவையும் டிரைவரே எடுத்துப் போடுவார். சீட் நடு வரிசையில், கதவுக்குப் பக்கத்தில். கடைசி வரிசை பின் சக்கரத்துக்கும் பின்னால் இருப்பதால் ஸ்பீடு பிரேக்கர் வந்தால் தூக்கிப் போடும், அதைப் பையன்களுக்கு விட்டுவிடுங்கள், அவர்களுக்கு அதுதான் வேண்டும்.

வேன்காரன்_செங்கல்பட்டு:

சார், நான் சொந்தமாக ரெண்டு வண்டி வைத்து ஓட்டுகிறேன். விளம்பரம் இல்லை, அந்தத் தேதிக்கு எங்கள் வண்டி ஏற்கெனவே புக் ஆகிவிட்டது, அதனால் தைரியமாகப் பேசலாம்.

மேலே சொன்ன கணக்கு எல்லாம் சரி. ஆனால் வண்டிக்காரன் ஏன் குறைந்தபட்சம் கேட்கிறான் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். சனிக்கிழமை உங்கள் காது குத்துக்கு வண்டி கோவில் வாசலில் நிற்கும், ஆனால் அன்றைக்கும் டியூ, இன்சூரன்ஸ், வரி எல்லாம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அதற்காக நாள்வாரியாகப் பிடிப்பது நியாயம் என்று சொல்லமாட்டேன், நான் மொத்தமாகத்தான் போடுகிறேன். கேட்டால் பாதிப் பேர் ஒத்துக்கொள்வார்கள், யாரும் கேட்பதில்லை, அதுதான் விஷயம்.

அந்த ராத்திரி 10 மணி எனக்குப் பிடிக்கவில்லை. பகல் முழுக்க வேறே டிரிப் ஓட்டிவிட்டு வந்த டிரைவர் உங்களை ஏற்றிக்கொண்டு விடிய விடிய ஓட்டி, காலையில் சங்கரன்கோவிலில் இறக்கிவிட்டு, 10 மணிக்குக் "கோவிலுக்குப் போகலாம் வாங்க" என்று நீங்கள் கூப்பிட்டால் அவன் எப்போது தூங்குவான்? 1961-லேயே போட்ட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்றுதான் சொன்னது. எங்கள் தொழிலில் அதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்காதீர்கள். ஆனால் வண்டியில் இருப்பது உங்கள் குடும்பம். வெள்ளி அதிகாலை 4 மணிக்குக் கிளம்புங்கள். ஒரு நாள் பேட்டா மிச்சம். அதைவிட முக்கியம், டிரைவர் முந்தின ராத்திரி தூங்கியிருப்பான். சங்கரநாராயணரை வெள்ளி சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம்.

ராத்திரி போனால் சீக்கிரம் போய்விடலாம் என்று நினைப்பதும் வீண். டிராவலர் மாதிரி வண்டியில் ஸ்பீடு கவர்னர் இருக்கும், 80-க்கு மேல் போகாது. போகிறது என்றால் யாரோ அதைக் கழற்றிவிட்டிருக்கிறார்கள், அந்த வண்டியில் ஏறாதீர்கள். சாப்பாடு, டீ, பாத்ரூம், குழந்தை வாந்தி எல்லாம் சேர்த்து 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டோல்: பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி, கப்பலூர் என்று வரிசையாக வரும். 17 சீட்டுக்கு மினி பஸ் ரேட், கார் ரேட் இல்லை. 2025 ஆகஸ்டில் வந்த ஃபாஸ்டாக் ஆண்டு பாஸ் பற்றிச் சிலர் என்னிடம் கேட்கிறார்கள், "அது இருக்கே, டோல் எதுக்கு?" என்று. அது சொந்த உபயோக வண்டிக்கு மட்டும் சார், மஞ்சள் போர்டுக்குக் கிடையாது. ஃபாஸ்டாகில் எவ்வளவு எடுத்தார்கள் என்பது மெசேஜில் வரும், பில் கொடுக்கும்போது அதைக் காட்டச் சொல்லுங்கள், வெட்கப்படவேண்டாம்.

அப்புறம் ஒன்று. காது குத்து, மொட்டை என்றாலே பொங்கல் வைக்க அண்டா, பாத்திரம், கேஸ் சிலிண்டர் என்று கிளம்புவீர்கள். பாத்திரத்தை உள்ளூரிலேயே வாடகைக்கு எடுங்கள். சிலிண்டர் என் வண்டியில் ஏறாது, எந்த வண்டியிலும் ஏற்றாதீர்கள். 2023 ஆகஸ்டில் மதுரை ஸ்டேஷனில் நின்ற சுற்றுலா ரயில் பெட்டியில் கொண்டுவந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் போனார்கள். நின்ற வண்டிக்கே அந்தக் கதி.

தாம்பரம்வாசி:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் எதிர்பார்க்கவே இல்லை. வேன்காரன் அண்ணே, சிலிண்டர் விஷயம் வீட்டில் சத்தமாகப் படித்துக் காட்டினேன், அத்தை அமைதியாகிவிட்டார். அதிகாலை 4 மணிக்கும் ஒத்துக்கொண்டார்கள், ஆனால் நாலு என்றால் எங்கள் வீட்டில் ஐந்தரை. இன்னோவாவைத் தம்பியே கைவிட்டுவிட்டான். மாமனாரின் வெள்ளை போர்டு வேன் பற்றி யாரும் சொல்லவில்லையே? அவர் இன்னும் அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்.

கீதா_மேற்கு மாம்பலம்:

வேண்டாம். அது சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டி. காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றினால் பெர்மிட் இல்லாமல் ஓட்டியதாக ஆகும், ஆர்டிஓ பிடித்தால் நடு ரோட்டில் 14 பேரும் இறங்கி நிற்கணும். அதுகூடப் பரவாயில்லை. ஏதாவது ஆகிவிட்டால் இன்சூரன்ஸ் கம்பெனி "இது வாடகைக்கு ஓடியது" என்று கை விரிக்கப் பார்ப்பார்கள், அப்போது அந்தத் தெரிந்தவரும் கோர்ட் வாசலில், நீங்களும் கோர்ட் வாசலில். மாமனாரிடம் "உங்க ஃப்ரெண்டுக்கு வம்பு வரும்" என்று சொல்லுங்கள், "உங்க ஐடியா சரியில்லை" என்று சொல்லாதீர்கள்.

மஞ்சள் போர்டு என்றாலும் அப்படியே நம்பவேண்டாம். வண்டி நம்பரை வாங்கி அரசின் எம்பரிவாகன் ஆப்பில் போட்டால் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை, எத்தனை சீட்டுக்குப் பதிவு என்று எல்லாம் வரும். 12 சீட் பதிவு வைத்துக்கொண்டு "17 பேர் தாராளமா உக்காரலாம் மேடம்" என்று சொன்னவரை நான் பார்த்திருக்கிறேன்.

ரயில்பிரியன்:

யாருமே சொல்லாததை நான் சொல்கிறேன். 580 கிலோமீட்டருக்கு எதற்கய்யா வேன்? பொதிகை எக்ஸ்பிரஸ் சங்கரன்கோவிலிலேயே நிற்கிறது. ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் இறங்கலாம், பெரியவர்கள் கால் நீட்டித் தூங்குவார்கள், பாத்ரூம் பிரச்சினை இல்லை. உள்ளூரில் ரெண்டு நாளுக்கு மட்டும் வேன் எடுங்கள். வேன் வாடகையும் பேட்டாவும் சேர்ந்து வரும் 35,000 சொச்சத்தில் டோல் இன்னும் சேரவில்லை. 13 ஸ்லீப்பர் டிக்கெட் போகவர, அதோடு உள்ளூர் வேன், எப்படிப் பார்த்தாலும் அதைவிடக் குறைவாகத்தான் வரும்.

முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கிறது, காலை 8 மணிக்கு. ஒரு டிக்கெட்டில் 6 பேர்தான், அதனால் மூன்று பேர் தனித்தனியாக உட்கார்ந்து ஒரே நேரத்தில் போடுங்கள். லோயர் பெர்த்துக்கு 60 வயது ஆண், 45 வயது பெண் என்ற கணக்கு இருக்கிறது, பெரியவர்களை மட்டும் ரெண்டு ரெண்டு பேராகத் தனி டிக்கெட்டில் போட்டால் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஞாயிறு ராத்திரி திரும்பும் வண்டிதான் கஷ்டம், அதை முதலில் போடுங்கள்.

நெல்லைச்சீமை:

ரயில்பிரியன் சொல்வது எங்கள் ஊர்க்காரர்கள் பலர் செய்வதுதான். ஊரில் வேன் வாடகை முறையும் கொஞ்சம் வேறே. கிலோமீட்டர் கணக்கு இல்லாமல் "நாள் வாடகை இவ்வளவு, டீசல் உங்களுது" என்று பேசுவார்கள். கொஞ்ச தூரம் ஓடி நிறைய நேரம் நிற்கும் வேலைக்கு, அதாவது காது குத்து மாதிரி விசேஷத்துக்கு, இதுதான் லாபம். ஒரே ஒரு நிபந்தனை: ஏறும்போது டேங்க் ஃபுல் செய்து, இறங்கும்போது மறுபடி ஃபுல் செய்யுங்கள். "ஒரு 3,000-க்கு டீசல் போட்டிருங்க சார்" என்று தோராயமாகச் சொன்னால் அது தோராயமாக அவர்கள் பக்கம்தான் சாயும்.

கிராமத்து வண்டிக்காரர் என்றால் இன்னொரு வசதி, கோவில் பாதை அவருக்குத் தெரியும். உள் ரோட்டில் வேப்பங்கிளை தாழ்ந்திருக்கும், மேலே கேரியரில் மூட்டை வைத்த சென்னை வண்டி அங்கே திணறும். தேதி பற்றி ஒரு எச்சரிக்கை: உத்திரம் முடிந்தாலும் அந்தச் சனி, ஞாயிறு வரை சாஸ்தா கோவில்களுக்கு வருகிறவர்கள் இருப்பார்கள். கூட்டம் குறைந்தாலும் வேன் கிடைப்பது குறைச்சல்தான். இப்போதே பேசி வையுங்கள்.

ஆனால் நியாயமாக ஒன்று சொல்லணும். ரயில் டிக்கெட் 13-ம் கன்ஃபர்ம் ஆகவில்லை, 9 பேருக்கு ஆகி 4 பேர் வெயிட்டிங் என்றால் உங்கள் வீட்டில் யார் அந்த நாலு பேர் என்ற பஞ்சாயத்து தொடங்கும். அதற்கு வேனே மேல்.

வேன்காரன்_செங்கல்பட்டு:

ரயில் என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன், அந்தத் தூரத்துக்கு அது நல்ல யோசனைதான். வழியில் மதுரை, ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ரெண்டு கோவில் பார்த்துக்கொண்டு போகணும், ராஜபாளையத்தில் சொந்தக்காரர் வீட்டில் இறங்கணும் என்றால் வேன். போய்ச் சேர்ந்தால் போதும் என்றால் ரயில்.

எதில் போனாலும், வேனில் ஏறும்போது மீட்டர் ரீடிங்கை டிரைவர் முன்னாலேயே போட்டோ எடுங்கள், இறங்கும்போதும் எடுங்கள், டிரிப் ஷீட்டில் அதே நம்பர் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். நேர்மையான டிரைவர் இதற்குக் கோபப்படமாட்டார்.

தாம்பரம்வாசி:

இப்போது முடிவு: திரும்பும் டிக்கெட்டுக்கு 60-வது நாள் காலையில் மூன்று போனில் முயற்சி செய்கிறோம். 13-ம் கிடைத்தால் பொதிகை, உள்ளூரில் நாள் வாடகை வேன். கிடைக்காவிட்டால் சேலையூர் வண்டி, அவர் மொத்தக் கணக்குக்கு ஒத்துக்கொண்டார், எழுதியும் அனுப்பிவிட்டார். வண்டி நம்பர் கேட்டேன், கொடுத்தார், ஆப்பில் பார்த்தேன், எஃப்சி அடுத்த வருஷம் வரை இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கவில்லை, ரயில் முடிவு தெரியும்வரை வண்டியை நிறுத்திவைக்கிறேன் என்றார். நெல்லைச்சீமை அண்ணே, சங்கரன்கோவிலில் நாள் வாடகைக்கு வேன் எங்கே போய்க் கேட்பது, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஸ்டாண்டு இருக்கிறதா, இல்லை கோவில் பூசாரியைக் கேட்பது நல்லதா?

நெல்லைச்சீமை:

பூசாரியைக் கேளுங்கள். கோவிலுக்கு வாரா வாரம் ஆள் கொண்டுவரும் வண்டிக்காரர்கள் எல்லாரையும் அவருக்குத் தெரியும், அவர் சொல்லி வந்த வண்டிக்காரர் ரேட்டில் ரொம்ப விளையாடவும் மாட்டார். பேசும்போது ஸ்டேஷனிலிருந்து ஏற்றி, மறுபடி ஸ்டேஷனில் விடுவது வரை சேர்த்துப் பேசுங்கள். பொதிகை காலையில் வரும் நேரத்துக்கு டிரைவர் வந்து நிற்கணும் என்பதை முந்தின ராத்திரி ஒரு தடவை போன் போட்டு ஞாபகப்படுத்திவிடுங்கள்.